கலண்டரில் நிற்பவள்

என் காதுகளை நான் நம்புவதில்லை. ஸ்காபரோவில் காருக்குத் தகடு அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில், பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அரைவாசி ஆயுளைக் கழித்தவன் நான். காதில் செருக ரப்பர்க் குமிழ் தந்தார்கள்தான். செருகினால் சுப்பவைசர் கூப்பிடுவது கேட்காது. செருகாவிட்டால் கொஞ்சக் காலத்தில் உலகமே கேட்காது. எனக்குச் சுப்பவைசரில்தான் பயம் கூட. வேலையை விட்டு வீட்டில் இருக்கத் தொடங்கியபோது குருவிச் சத்தமும் கெட்டில் விசிலும் என் காதுக்குள் வருவதை நிறுத்தியிருந்தன.

இப்படிப்பட்ட ஒருவன் பழைய வால்வு அம்பிளிபயர்களைத் திருத்திப் பாட்டுக் கேட்கப் புறப்பட்டதை மகள் இன்றைக்கும் பகிடி பண்ணுவாள். அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. என்னிடம் நல்ல காது இருந்தது. அது என் மனைவியின் தலையில் இருந்தது.

அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். நான் யாழ்ப்பாணத்துச் சைவன். அகதிகளாக வந்து பார்க்டேலில் ஒரே கட்டடத்தில் மேல் மாடியும் கீழ் மாடியுமாக இருந்தோம். அவள் குசினியில் சமைத்தபடி பாடினால் அது ஹீற்றர்க் குழாய் வழியே என் அறைக்குள் இறங்கிவரும். அப்போது எனக்கும் நல்ல காது. கலியாணத்துக்குப் பிறகும் அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பாடல் குழுவில் நின்றாள். பக்கத்தில் நிற்பவர் சுருதியை விட்டுக் கொஞ்சம் நழுவினாலும் போதும், அவளது இடது புருவம் மேலே போகும்.

அம்பிளிபயர் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் கிடைத்தது. கிழவர் ஒருவர் இறந்துவிட, பிள்ளைகள் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். கராஜின் மூலையில் தூசி மூடிக் கிடந்தது, கூடவே இடுப்பளவு உயரத்தில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். எனக்கு ஊரில் ரேடியோத் திருத்தின அனுபவம் கொஞ்சம் உண்டு. அதை நம்பி என் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மன்றில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, ஊதிப்போன கொண்டன்சர்களைக் கழற்றிப் புதிது வைத்தேன். வெடித்த வயர்களை மாற்றினேன். மரப்பெட்டிகளைத் துடைத்து எண்ணெய் பூசினேன். கண்ணாடி வால்வுகள் முதன்முதலாகச் செந்நிறமாக எரிந்தபோது, மகள் பிறந்த அன்று அடைந்த சந்தோசத்துக்குக் கிட்ட வந்துவிட்டேன் என்று சொன்னால் அவள் கோபிப்பாள்.

பேஸ்மன்றில் சுவரோரமாகப் பெட்டிகளை வைத்தேன். இடது பெட்டி ஃபேர்னஸ் பக்கம், வலது பெட்டி யன்னல் பக்கம். நடுச்சுவரில் தமிழ்க் கடைக் கலண்டர் ஒன்று தொங்கியது. எங்கள் வீட்டுச் சமாதான ஒப்பந்தப்படி ஒரு வருடம் முருகன் கலண்டர், அடுத்த வருடம் மாதா கலண்டர். அது முருகனின் வருடம்.

நான் பரீட்சித்துப் பார்க்க வைத்திருந்தது ஒரு பழைய இசைத்தட்டு. ஒரு பெண் பாடுவாள், பக்கத்தில் ஒரு வயலின். ஒற்றை ஸ்பீக்கர் காலத்துப் பதிவு. அதனால் இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம்தான் வரும். இரண்டும் சரிசமமாக இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். குரல் எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றுமே இல்லாத சுவரில் வந்து நிற்கும். மனைவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள்.

“இஞ்சருங்கோ, ஆள் கலண்டரிலையெல்லோ நிக்கிறா!”

“கலண்டரிலை எங்கை?”

“முருகன்ரை நெத்தியிலை.”

அதிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. எதைத் திருத்தினாலும், எந்த வால்வை மாற்றினாலும் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்துவேன். “எங்கை நிக்கிறா?” என்று கேட்பேன். “கலண்டரிலை” என்பாள். அதுதான் எனக்கு முத்திரை. சத்தத்தை அளக்கும் மீற்றர் சொல்வதை நான் அதற்குப் பிறகுதான் பார்ப்பேன். பின்னேரத்தில் அவள் தேத்தண்ணியோடு வந்து உட்கார, பேசாமல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்போம். எனக்குப் பாதிச் சத்தம்தான் கேட்கும். மீதியை அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

மாதா கலண்டர் மாட்டிய வருடம், இலை கொட்டத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“இண்டைக்கு ஆள் கலண்டரிலை இல்லை. யன்னல் பக்கம் போட்டா.”

“வடிவாக் கேளும்.”

“வடிவாத்தான் கேக்கிறன். இடப்பக்கம் பலமில்லை.”

எனக்கு நடுவில்தான் கேட்டது. ஆனால் என் காது பிரஸ் மெஷின் தின்ற காது. மீற்றரை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமம் என்றது. மீற்றரும் பழசு என்று அதை ஒதுக்கினேன். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்த வேலையில் பழுது தேட ஒரு வழி இருக்கிறது. இடதில் உள்ளதை வலதில் மாற்றிப் போட வேண்டும். பழுது கூடவே போனால் பிழை அந்தப் பொருளில். போகாமல் இடதிலேயே நின்றால் பிழை வேறெங்கோ. வால்வுகளை மாற்றிப் போட்டேன். “யன்னல் பக்கம்” என்றாள். அம்பிளிபயரிலிருந்து போகும் வயர்களை மாற்றினேன். யன்னல் பக்கம். பெட்டிகளையே மூச்சு வாங்கத் தூக்கி இடம் மாற்றினேன். யன்னல் பக்கம். சுவரில் பிழையாக்கும் என்று ஃபேர்னஸ் பக்கம் ஒரு பழைய கம்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். அதற்கிடையில் இடப்பக்கத்தில் ஒரு இரைச்சலும் வருகிறது என்றாள். அந்த இரைச்சலைத் தேடி இடப்பக்கக் கொண்டன்சர்கள் எல்லாவற்றையும் திரும்ப மாற்றினேன். நல்ல கொண்டன்சர்கள். பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஓஃபிஸ் பக்கம் இருந்தவர், காது நல்ல காது. அவரைக் கதிரையில் இருத்திப் பாட்டைப் போட்டேன்.

“நடுவிலைதான் கேக்குது. ஒரு பிழையுமில்லை அண்ணை” என்றார்.

அவர் போனபிறகு மனைவியிடம், “உவருக்கு என்ன தெரியும்? உவர் காரிலை போகேக்கை விளம்பரத்தைக் கேக்கிற ஆள்” என்றேன். அவள் சிரித்தாள். நான் அவள் பக்கம் நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. ஊர் உலகம் எல்லாம் பிழை, என் மனைவியின் காது மட்டும் சரி என்று நின்றேன்.

அந்த மாதங்களில் அவள் பாடல் குழுவுக்குப் போவதை விட்டிருந்தாள். களைப்பாக இருக்குதாம். படிக்கட்டில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைத்தெருவில் நடக்கும்போது என்னைத் தன் வலப்பக்கம் வரச் சொன்னாள். எல்லாவற்றையும் கண்ணால் கண்டேன். அம்பிளிபயரில் இவ்வளவும் கண்டிருந்தால் மூடியைக் கழற்றியிருப்பேன்.

பனி கொட்டி யன்னலின் பாதியை மூடிவிட்ட ஒரு பின்னேரம், இதற்குமேல் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லாமல் நான் தரையில் குந்தியிருந்தேன். அவள் கதிரையை விட்டு எழும்பினாள்.

“எல்லாத்தையும் மாத்திப் பாத்தியள். என்னை மாத்திப் பாக்கேல்லை” என்றாள்.

கதிரையைத் திருப்பினாள். பெட்டிகளுக்கும் மாதாவுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, “இப்பப் போடுங்கோ” என்றாள். ஊசியை வைத்தேன். பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளது கை மெல்ல எழும்பி ஃபேர்னஸ் பக்கத்தைக் காட்டியது. இவ்வளவு நாளும் பலமில்லை என்று சொன்ன அதே பக்கம். இப்போது அது அவளுக்கு வலப்பக்கம்.

நான் பாட்டை நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் அவள் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இரைச்சல் இன்னும் நிக்கேல்லையப்பா” என்றாள்.

குடும்ப டொக்டர், பிறகு காது டொக்டர், பிறகு ஸ்கான். இடது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி. நன்றாக வளர்ந்து மூளையின் அடித்தண்டில் முட்டிக்கொண்டு நின்றது. கெட்ட கட்டி இல்லை என்றார் டொக்டர். கெட்டதில்லாத ஒன்று இவ்வளவு கேடு செய்யும் என்றால் கெட்டது என்னதான் செய்யும் என்று கேட்க வாய் உன்னியது. மகள் என் கையைப் பிடித்தாள். கட்டி பல வருடமாக வளர்ந்தது, இந்தச் சில மாதத்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்றும் அவர் சொன்னார். நல்ல மனிதர். நான் அதை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

காரில் மகள் அழுதுகொண்டே ஓட்டினாள். “ஐ நோட்டிஸ்ட், அப்பா. அம்மா போனை எப்பவும் மற்றக் காதிலைதான் வைச்சவா. ஐ ஜஸ்ட் தோட் அது பழக்கமெண்டு.” அவளாவது போனைக் கவனித்திருக்கிறாள்.

சத்திரசிகிச்சை பகல் முழுக்க நடந்தது. உயிர் தப்பிவிட்டாள். இடது காது முற்றாகப் போய்விட்டது. முக நரம்பும் அடிபட்டு முகத்தின் இடப்பக்கம் இறங்கிவிட்டது. சுருதி விலகினால் மேலே போகும் அந்தப் புருவம் இனி அசையாது. அந்தக் கண் மூடாது. நித்திரைக்குப் போகும்போது மருந்து பூசி இமையை ஒட்ட வேண்டும். கட்டியில் கொஞ்சம் நரம்போடு ஒட்டியிருந்ததால் எடுக்காமல் விட்டிருந்தார்கள். அது சும்மா கிடக்குமா, திரும்ப வளருமா என்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் நேரே பேஸ்மன்றுக்குள் இறங்கினேன். இடது பெட்டியின் பின்னால் கையை விட்டு வயரைப் பிடுங்கி எறிந்தேன். ஒரு பிழையும் செய்யாத பெட்டி. பிழை செய்ததைப் பிடுங்க எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் கீழே போகவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவளும் கீழே இறங்கவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. பாடல் குழுவிலிருந்து வந்தவர்கள், சுகமானதும் திரும்பி வந்து பாடச் சொன்னார்கள். அவர்கள் போனபிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

“பாடினால் என்ரை குரல் எங்கை நிக்குதெண்டு எனக்குத் தெரியேல்லை. அந்தரமாக் கிடக்கு.”

சில மாதம் போனது. பனி கரைந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், குசினியில் இருந்தவள் திடீரென்று, “கீழை போவமே? அந்தப் பாட்டைக் கேட்டுக் கனகாலம்” என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. தோளில் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினேன். தூசியைத் துடைத்தேன். அவசரத்தில் சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சிவந்தன. இசைத்தட்டில் ஊசியை வைத்தேன்.

பாட்டு வந்தது. யன்னல் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. என் ஓட்டைக் காதுக்கே அது தெரிந்தது. பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நான் பிடுங்கி எறிந்த வயர் தரையில் அப்படியே கிடந்தது.

வால்வு அம்பிளிபயரை ஸ்பீக்கர் பெட்டியின் வயரைப் பொருத்தாமல் ஓடவிடக் கூடாது. போக வழியில்லாத மின்சாரம் உள்ளேயே திரும்பி, பெரிய கம்பிச் சுருளை எரித்துவிடும். இந்தக் காலத்தில் அந்தச் சுருளுக்கு எங்கே போவது? இந்த வேலையில் இறங்குகிற எவனும் முதலில் படிப்பது இதைத்தான். நான் சுவிட்சை நிறுத்தக் குனிந்தேன்.

அவள் பழைய வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். வலது கண் மூடியிருந்தது. இடது கண் மூட முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. “எங்கை நிக்கிறா?” என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ஒற்றைக் காதுக்கு நடு என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். அதைவிட நன்றாக அவளுக்குத் தெரியும்.

“கலண்டரிலை நிக்கிறா” என்றாள்.

அவள் எனக்குச் சொன்ன முதல் பொய் அது. பாதி வாயால் சிரித்துக்கொண்டு சொன்னாள். இப்போது நான் சுவிட்சை நிறுத்தினால், ஏன் என்று கேட்பாள். வயரைக் காட்ட வேண்டி வரும்; ஒரு பெட்டிதான் பாடியதென்று அவளுக்குத் தெரிந்துவிடும். அம்பிளிபயரைப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க முதுகு நோகக் குந்தியிருந்து உயிர் கொடுத்தது.

“ஓம்” என்றேன். “கலண்டரிலைதான்.”

எரிந்தால் எரியட்டும் என்று விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்தேன்.