இருக்கட்டும்

ஓடாத பம்புசெட் மோட்டாரை வாசலுக்கு உருட்டித் தள்ளிவிட்டு, கனகலட்சுமி அடுத்ததற்குக் குனிந்தாள். கம்பி முறிந்த குடை, நின்றுபோன சுவர்க்கடிகாரம், மூடியில்லாத மிக்சி ஜார். ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, “இது எதுக்கு?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விட்டெறிந்தாள்.

பதில் சொல்ல வேண்டியவர் அறையின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் பாண்டித்துரை. கடலாடிப் பக்கம் மிளகாய் போடுகிறவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் பாதி ஆயுசைத் தின்றவர். ஓட்டை வாளியா? இருக்கட்டும், மண் அள்ள ஆகும். மிளகாய் மூட்டையா? இருக்கட்டும், விலை ஏறட்டும். இந்தத் தெருப்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுங்கள், தையல் மெஷினைப் போட்டு நாலு ஜாக்கெட் தைக்கிறேன் என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். அதற்கும் அதேதான். இருக்கட்டும், பார்ப்போம். மகள் பூங்கோதை பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொண்டும் போய்விட்டாள். அறையில் மட்டும் இடம் பிறக்கவில்லை.

இன்றைக்கும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் ஜாக்கெட் தையலைப் பார்த்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. “தோள எறக்கிப்புட்டான் பாவி” என்று முணுமுணுப்பாள்.

கோயமுத்தூரிலிருந்து பூங்கோதைதான் அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். சாமான் குறைந்தால் மனசு லேசாகுமாம். வேண்டாத பொருளுக்கு ஒரு நன்றி சொல்லி வழியனுப்ப வேண்டுமாம். பார்த்ததும் கனகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நன்றியாம்ல நன்றி. மனுசி நிக்க எடமில்லாம அடச்சுக்கிட்டு கெடந்ததுக்கு நன்றி வேற சொல்லணுமாக்கும்.”

அன்றைக்கே பெரியபட்டினத்துப் பழைய இரும்பு வியாபாரி ஹாஜா முகைதீனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவர் லோடு ஆட்டோவோடு வந்து சேர்ந்தபோது, உரச்சாக்குகளுக்கு அடியிலிருந்து மெஷின் வெளியே வந்திருந்தது. அவளுடைய அய்யா கல்யாணச் சீராகக் கொடுத்தது. சக்கரத்திலிருந்து மிதி வரைக்கும் துரு. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை, மூக்குதான் விடைத்தது.

“இதையும் ஏத்தவாக்கா?” என்று தயங்கிக் கேட்டார் ஹாஜா முகைதீன்.

பாண்டித்துரை முந்திக்கொண்டார். “அது இருக்கட்டும் பாய். அவுக அய்யா குடுத்தது.”

இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவர் சொன்ன முதல் ‘இருக்கட்டும்’ அதுதான். கேட்டதும் அவளுக்கு ஆத்திரம் இன்னும் தலைக்கேறியது.

“எந்திரிங்க” என்றாள்.

எதற்கு என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார். அந்த நாற்காலியை அவள் இழுத்துக்கொண்டுபோய் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மிதியில் கால் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் சேர்த்து வைத்து மறுபடி அழுத்தினாள்.