செடியை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்

எங்கள் ரோஜாக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. இணையத்தில் மட்டும் பழகுகிற முப்பது நாற்பது பேர் நாங்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. யாராவது நெடுநாள் வெளியூர் போவதென்றால் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும். செடிகளை யாரிடம் விட்டுப் போகிறார் என்றும் எழுத வேண்டும். ஒருத்தர் மகளின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் கழித்து வந்து, காய்ந்துபோன தொட்டிகளை வரிசையாகப் படமெடுத்துப் போட்டார். அன்றிலிருந்து இந்த விதி. செடியைப் பார்த்துக்கொள்பவரே அவர் பெயரில் குழுவுக்கும் எழுதுவார். நல்ல விதிதான். அது ஒரு நாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கப்பல்காரன். சுனாமி வந்த அன்று பிரேசில் பக்கம் ஒரு சரக்குக் கப்பலில் இருந்தேன். என் மனைவி நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவர்களுடையது. நான் போர்ட் பிளேர் வந்து சேரவே மூன்று வாரம் ஆனது. கச்சாலுக்கு இன்னும் சில நாள். வீடு இருந்த இடத்தில் கடல் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. உடலும் கிடைக்கவில்லை. முதலில் காணாமல் போனவர் என்று எழுதினார்கள், பிறகு இறந்தவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன்.

அதற்குப் பின் வெளிநாட்டுக் கப்பல் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கும் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே ஓடும் ஃபெர்ரியில் கயிறு கட்டும் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் பாம்பூஃப்ளாட் வீட்டு வாசலில் அவள் பெயின்ட் டப்பாக்களில் பதினோரு ரோஜாச் செடிகள் வைத்திருந்தாள். எனக்கு ரோஜாவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இரண்டு செடி செத்துப்போயின. மூன்றாவது மஞ்சளடித்தபோது எனக்கு வந்த பயத்தை என்னவென்று சொல்வது. வேலை முடிந்து ஜெட்டிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோதுதான் இந்தக் குழு கிடைத்தது.

என் மனைவியின் ரோஜாச் செடி மஞ்சளாகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். குழுவை நடத்தியவர் கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். "உங்க வீட்டுக்காரம்மா என்ன உரம் போடறாங்க?" என்று பதில் எழுதினார்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்று எழுதினேன்.

அதில் வஞ்சகம் எதுவும் இல்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். முன்பின் தெரியாத ஒருத்தர் மரியாதையாகக் கேட்கும்போது அவள் இல்லை என்று தட்டக் கை வரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் போய், மீன் கழுவின தண்ணீரும் டீத்தூள் சக்கையும் போடுகிறாள் என்று எழுதினேன். அவள் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் குழுவில் நன்றாகவே வாழ்ந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்து சரியானது. பதியன் போட்டாள். செடிக்கு வெந்நீர் ஊற்றிவிட்டேன் என்று என்னைத் திட்டினாள், அதற்குக் குழுவே இரண்டு நாள் சிரித்தது. "அக்காகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்க" என்று என்னைக் கேலி செய்தார்கள். வீட்டில் ஸ்டவ் ஜில்லென்று கிடக்கும். குடித்தனம் பிரௌசிங் சென்டரில் நடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளை ஓட்டினேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் என்னைப் பைத்தியக்காரன் என்று விட்டிருக்கலாம். குழுவில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் இருந்தாள். சின்ன வயது, கணவன் இறந்து ஒரு வருஷம். அவள் எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, அதை அக்காவிடம் கொடுக்கச் சொன்னாள். மாடி நிறைய ரோஜா பூக்கிறதாம். ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்ததற்கு மாமியார் கையைத் தட்டிவிட்டாளாம். நான் வைக்கிறது தப்பா அக்கா என்று கேட்டிருந்தாள். மூன்று நாள் அந்தக் கடிதத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். என் மனைவி இருந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் பேச்சிலேயே எழுதினேன்.

"நீ வளத்த பூவ நீ வைக்காம வேற யாரு வைக்கிறது? வச்சிக்க புள்ள. ஏசுனா ஏசட்டும்."

அவள் வைத்துக்கொண்டாள். அதன்பின் மாதம் இரண்டு கடிதம் வரும், இரண்டு வருஷத்துக்கு மேல் வந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் மட்டுமே சொல்லக்கூடியதெல்லாம் அதில் இருக்கும். நான் படித்தேன். அதுதான் நான் செய்த கேவலம். பதில் சொல்லியது என் மனைவி, படித்தது நான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஃபெர்ரி வேலை போனது. நிரந்தர ஆட்களைப் போட்டுவிட்டார்கள். பம்பாய்க் கம்பெனி ஒன்று எண்ணெய்க் கப்பலுக்குக் கூப்பிட்டது. ஒன்பது மாதம், ஏடன் வழி. அந்த வழியில் அப்போது கொள்ளைக்காரர்கள் கப்பலை ஆட்களோடு பிடித்து வைத்துக்கொண்டிருந்த சமயம். கையெழுத்துப் போட்டேன். கப்பலேறுகிறேன், திரும்பினால் பார்ப்போம் என்று குழுவுக்கு எழுதினேன்.

அன்றைக்கே வாழ்த்துகள் குவிந்தன. செடியை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். "அக்கா இருக்காங்க, அப்புறமென்ன?" "இனிமே அக்காவே எழுதட்டும், அண்ணன் ரம்பம் தாங்கலை." மேனேஜர் முறைப்படி, வீட்டம்மாவின் முதல் பதிவை ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்க்கிறோம் என்று போட்டுவிட்டார். திண்டுக்கல் பெண் தனியாக எழுதினாள்: "ஒம்போது மாசமும் நீங்களே நேரா எழுதுவீங்கல்லக்கா? எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?"

தப்பிக்க ஒரு பொய் போதும். அதற்கா பஞ்சம்? நான் வரும்வரை அவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், கச்சாலில் இண்டர்நெட் கிடையாது, செடிகளைப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா பார்த்துக்கொள்வார் என்று கடகடவென்று தட்டினேன். அனுப்பும் முன் ஒருமுறை படித்தேன். அவளைக் கச்சாலுக்கு அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருந்தேன். முதல் தடவையும் அனுப்பியவன் நான்தான். வேறு கடலில் இருந்துகொண்டு, தனியாக இருக்காதே, அம்மா வீட்டுக்குப் போ என்று போனில் அதட்டி அனுப்பினேன். போக மாட்டேன் என்றவளை.

எல்லாவற்றையும் அழித்தேன். என் மனைவி சுனாமியில் கச்சாலில் இறந்துவிட்டாள், நான் இந்தக் குழுவில் சேரும் முன்பே இறந்துவிட்டாள், இத்தனை நாளும் எழுதியது நான் என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்தேன். அவள் இறந்துவிட்டாள் என்று நான் எழுதிய முதல் வாக்கியம் அது.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒருத்தர் பாவம் என்றார். இரண்டு பேர் ஏமாற்றுக்காரன் என்றார்கள். "எங்க வீட்டுப் பொம்பளைங்க உங்களை நம்பிப் பேசினாங்க" என்று ஒருத்தர் எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் மேனேஜர் என் பெயரையே எடுத்துவிட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். திண்டுக்கல்லிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கப்பலேறும் அன்று காலை, சென்னை போகும் கப்பலுக்கு ஹாடோ துறைமுகம் போகிற வழியில் பெட்டியோடு பிரௌசிங் சென்டருக்குள் நுழைந்தேன். கடிதம் வந்திருந்தது.

"அண்ணா, உங்க மேல காறித் துப்பணும் போல இருந்துச்சு. இப்பவும் இருக்கு. பொம்பளைன்னு நம்பித்தான் அதெல்லாம் சொன்னேன். உங்களுக்கு அவங்க போயி அஞ்சு வருசம் ஆச்சு. எனக்கு முந்தாநேத்துதான் போனாங்க. யாரு செத்துட்டான்னு இப்படி அழுவுறேன்னு எங்க மாமியார் கேக்குறாங்க. எங்கக்கான்னு சொன்னேன். இனிமே எனக்கு எழுதாதீங்க. அக்கா படம் ஒண்ணு மட்டும் அனுப்பிருங்க. மொகம் தெரியாம அழுதுக்கிட்டிருக்கேன்."

பர்ஸில் ரேஷன் கார்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று இருந்தது. ஐந்து வருஷமாக அதை நான் வெளியே எடுத்ததில்லை. கடைக்காரர், தெலுங்கு ஆள், அதை ஸ்கேன் செய்து கொடுத்தார். "யே கோன் ஹை பாய்?" என்று கேட்டார், யார் இது என்று.

"மேரி பீவி. குஜர் கயீ" என்றேன். என் மனைவி, இறந்துவிட்டாள்.

அவர் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். படம் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. ஒழுங்காகப் போயிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். எங்கள் ஊர் நெட்டில் படம் மேலிருந்து கோடு கோடாகத்தான் வரும். முதலில் வகிடு வந்தது. நெற்றி வந்தது, பொட்டு வந்தது. கண் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஊர் பார்க்க உட்கார்ந்து அழுதேன். கப்பல் போய்விடும் என்று கடைக்காரர் தோளைத் தொட்டார். வாய் இன்னும் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.