ரஷ்ய முதலாளிக்கு மாஸ்டர் எழுதிக்கொடுத்த பட்டியல்

நாவற்குடாவில் ரஷ்ய மொழி தெரிந்த ஒரே ஆள் கனகசூரியம் மாஸ்டர். முப்பத்தைந்து வருடமாக அதனால் அவருக்கு ஐந்து சதத்துக்குப் பிரயோசனம் இருக்கவில்லை. எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்து வரோனிஷ் நகரத்துக்குப் போனவர், ஆறு வருடம் குளிரில் நடுங்கி விவசாய இயந்திரங்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் ஊரில் சண்டை. வயல் வட்டைக்குள் உழவு இயந்திரமே இறங்காத காலத்தில் அந்தப் படிப்பை யார் கேட்டார்கள்? கணக்கு வாத்தியார் ஆனார். அன்னப்பூரணியைக் கட்டி வாவிக்கரையில் குடித்தனம் நடத்தினார். ஒரு மகளைப் படிப்பித்து, ஓய்வும் பெற்றார். பாவம் மனுசன், குளிக்கும்போது மட்டும் தனக்குத்தானே ரஷ்ய மொழியில் ஏதாவது முணுமுணுப்பார்.

போன வருடம் விக்தர் பெத்ரோவிச் வந்து இறங்கினார். கோடீஸ்வரர். கொழும்பில் ஒரு பெரிய அரசியல்வாதியின் சிநேகிதர். அந்த அரசியல்வாதியின் இணைப்பாளர் துசாந்தன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வாவிக்கரையில் ஹோட்டல் கட்டவேண்டுமாம். பதினொரு வீட்டுக் காணி வேண்டுமாம். மொழிபெயர்க்க மாஸ்டர் வேண்டுமாம். மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் கிடந்த காற்சட்டையை எடுத்து மினுக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

"காணிக்காரரின் பெயர்களை எழுதித் தாருங்கள்" என்றார் விக்தர். மாஸ்டர் உட்கார்ந்து பதினொரு பெயர் எழுதினார். முதலாவது பெயர் கனகசூரியம். இரண்டாவது பெயர் பக்கத்து வீட்டு நல்லரத்தினம். பிறகு எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். "ஒண்டுக்கும் யோசியாதீங்க. தோணி விடுற துறை நமக்குத்தான். பிள்ளையளுக்கு ஹோட்டல்ல வேலையும் இரிக்கி. விக்தரிட்ட நான் கேட்டுத்தானே செல்லுறன்" என்றார். மாஸ்டர் சொன்னால் மறுபேச்சு ஏது? விற்கச் சம்மதம் என்று பதினொரு ஆண்களும் கையெழுத்து வைத்தார்கள். பெண்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்கள்.

சந்தோசத்தில் விக்தர் மாஸ்டருக்கு விருந்து வைத்தார். வாவி நண்டைக் கடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். சோவியத் ஆட்சி விழுந்த நேரம் அவர் வடக்கே ஒரு துறைமுக நகரத்தில் மீன் டின் அடைக்கும் தொழிற்சாலையில் லொறி ஓட்டியவர். தொழிலாளர்களுக்கெல்லாம் தொழிற்சாலையில் பங்கு என்று அரசாங்கம் ஆளுக்கொரு பத்திரம் கொடுத்தது. கடையில் சீனியே இல்லாத காலம். பத்திரத்தை வைத்து என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. விக்தருக்குத் தெரியும். சீனி மூட்டையோடும் வொட்காவோடும் வாசலில் நின்று பத்திரங்களை வாங்கினார். ஒரு குளிர்காலத்துக்குள் தொழிற்சாலை அவர் கையில். கூடக் குடித்த சிநேகிதன் ஆளுநரானான்; துறைமுகம் வந்தது, கப்பல் வந்தது, வங்கியும் வந்தது. அதே சிநேகிதனைப் பொலிஸ் பிடித்து உள்ளே போட்டதும் விக்தர் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"அவர்களைக் கையெழுத்து வைக்கச் சொன்னது அவர்களுக்கு வேலை சொல்லும் சொந்தப் போர்மன்தான். என்னை யார் நம்புவார்கள்?" என்று சொல்லிச் சிரித்தார் விக்தர். சிரித்துக்கொண்டே ஹோட்டல் வரைபடத்தை விரித்தார். கரை நெடுக மதில். தோணித்துறையைக் காணவில்லை. மாஸ்டர் கேட்டார். "அது பழைய பேச்சு" என்றார் விக்தர்.

துறை போனால் நல்லரத்தினம் எங்கே தோணி விடுவான்? எதைப் பிடித்து எதை விற்பான்? என் வாயாலேயே பதினொரு குடும்பத்தையும் விற்றுவிட்டேனே என்று மாஸ்டர் குமைந்தார். அன்னப்பூரணியிடம் சொல்லவும் பயம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. விக்தரோடும் துசாந்தனோடும் எல்லாரும் உறுதி எழுத நொத்தாரிசிடம் போகும் நாள் வந்தது. எல்லாருக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது, அடித்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு போனார்.

நொத்தாரிசு தக்சிகா அவரிடம் கணக்குப் படித்த பிள்ளை. காணிப் பதிவுகளைப் பார்த்து வைத்திருந்தாள். மாஸ்டர் வாயைத் திறக்குமுன் அவள் திறந்தாள்.

"சேர், நீங்க தந்த பட்டியல்ல காணிக்காரர் ஒருத்தரும் இல்லையே."

"என்ன பிள்ள செல்லுறாய்?"

"பதினொரு காணி உறுதியும் பொம்புளயள்ர பேர்லதான் கிடக்கு. தாய்மார் மகள்மாருக்குச் சீதனமா எழுதினது. உங்கட வீட்டு வளவு அன்னப்பூரணி அக்காட பேர்ல. இவங்க வச்ச கையெழுத்து செல்லாது."

அட கடவுளே! எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தான் வளவு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பவன் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். 'என்ட வளவு, என்ட வளவு' என்று சொல்லிச் சொல்லியே பதினொரு ஆண்களும் அதை மறந்துபோனார்கள். முதல் ஆளாக மறந்தவர் கணக்கு வாத்தியார்.

துசாந்தன் விடவில்லை. "அப்ப பொம்புளயள வரச் செல்லுங்க" என்றான். நல்லரத்தினம் தன் மனைவி புஸ்பத்துக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"நாங்க வரமாட்டம்" என்றாள் புஸ்பம். "வாவிக்கரைய ஒருத்தருக்கும் குடுக்கிறல்ல எண்டு அன்னப்பூரணி அக்கா வீட்டில கூடி எப்பவோ முடிவெடுத்தாச்சு."

"அப்ப நாங்க கையெழுத்து வைக்கக்குள்ள ஏன்டி செல்லல்ல?"

"எங்களட்ட ஆரு கேட்ட?"

துறை தப்பிவிட்டது. மாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லரத்தினத்துக்கும் சிரிப்பு. துசாந்தன் வெளியே போய்க் கொழும்புக்குப் போன் பண்ணினான். முகம் தொங்கத் திரும்பி வந்தான். உறுதி உள்ள காணியைத் தரமாட்டோம் என்று பதினொரு பெண்களும் சொன்னால் எந்தப் பெரிய மனுசனும் என்ன செய்வான்?

விக்தருக்கு நடப்பது ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்டர் துறையைப் பற்றியும் மதிலைப் பற்றியும் முதலில் தன் ஆட்களுக்குத் தமிழில் சொன்னார். பிறகு பெண்களின் முடிவை ரஷ்ய மொழியில் சொன்னார். ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை.

விக்தர் மாஸ்டரின் தோளில் கை போட்டார்.

"மற்றவர்களை விடுங்கள். நீங்கள் படித்தவர், எங்கள் நாட்டில் இருந்தவர். உங்கள் வீட்டையாவது எனக்குத் தாருங்கள்."

கனகசூரியம் மாஸ்டர் நிமிர்ந்து நின்று, இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாமல், வாய் நிறையச் சொன்னார்:

"எனக்கு வீடு இல்லை. நான் என் மனைவி வீட்டில் இருக்கிறேன்."