நஞ்சேகௌடருக்காகக் கேட்ட ஓட்டு

ஹொசகெரேயில் பதினெட்டு வருடமாக நஞ்சேகௌடரை எதிர்த்தே ஓட்டுக் கேட்டு வந்த தேவீரம்மா, இருவர் கட்சியும் சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைத்துவிட்டதால் இந்த இடைத்தேர்தலில் அவருக்காகவே வீடு வீடாகப் போனாள். கௌடரும் கூட வந்தார்.

ஜயலட்சுமி வாசலிலேயே மடக்கினாள். "போன தடவை இவரைத் திருடன்னு சொன்னியேக்கா?"

தேவீரம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் மழுப்பவில்லை. "சொன்னேன்டி. ஆனா மூடிக் கெடந்த சர்க்கரை ஆலை நம்ம ஆட்சியிலதானே திரும்ப ஓடுது? பெங்களூருல வாட்ச்மேனா கெடந்த உன் புருஷன் அந்த வேலைக்குத்தானே ஊர் வந்து சேர்ந்தான்? இவர் தோத்தா ஆட்சி கவுந்துடும்."

ஜயலட்சுமி யோசித்தாள். "சரி, ஆலைக்குப் போடறேன். ஆளுக்கு இல்ல."

கௌடர் சிரித்தபடி கும்பிட்டார். "எதுக்குப் போட்டாலும் பட்டன் ஒண்ணுதாம்மா."

எண்ணிக்கையன்று அந்த ஊர் வாக்குச்சாவடியில் அவர்தான் முந்தியிருந்தார்.