முப்பத்தாறு வயதில் வாலிபர் ஜெபம்

என் வாலிபம் முடிந்துவிட்டது என்று எனக்குச் சொன்னவன் கையில் ஒரு வடாபாவ் இருந்தது. பாதி தின்றிருந்தான்.

அந்தக் கூட்டம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். புனேயில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை எல்லாச் சபை இளைஞர்களும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒரு மாதம் கத்தோலிக்கக் கோயில் மண்டபம், அடுத்த மாதம் ஏதாவது ஒரு புராட்டஸ்டண்ட் ஆலயம், பிறகு மலையாளிகளின் சிரியன் சபை, பிறகு சாங்வியில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பெந்தெகொஸ்தே சபை. பிரசங்கம் கிடையாது. இரண்டு வரிப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவோம். பிறகு மௌனம். பிறகு ஜெபம், தேநீர். அவ்வளவுதான்.

எனக்கு அது மட்டும்தான் இருந்தது. புனேயில் வாகட் பகுதியில் ஒரு பதினோராம் மாடியில் தனியாக இருக்கிறேன். பாதி நாள் வேலை வீட்டிலிருந்தே. ஆபீஸ் பேச்சைக் கழித்துவிட்டால் ஒரு வாரத்தில் நான் பேசுவது, பார்சல் கொண்டுவருகிறவரிடம் "கேட் பர் ரக் தோ", கேட்டிலேயே வைத்துவிடு, என்பது மட்டும். ஞாயிறு ஆராதனைக்கும் போகிறேன். அங்கே குடும்பம் குடும்பமாக உட்காருவார்கள். எவ்வளவு கூட்டம் வந்தாலும் பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் இடம் காலியாகவே இருக்கும். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் மட்டும்தான் தரையில் விரிப்புப் போட்டு நெருக்கி உட்காருவோம். முட்டி முட்டியில் இடிக்கும். அதற்காகவே போனேன் என்று சொன்னாலும் எனக்கு வெட்கமில்லை.

நாங்கள் சண்டை போடாமல் இருந்ததில்லை. சாங்வி சபைக்காரர்களுக்கு மெழுகுவர்த்தி ஆகாது, கத்தோலிக்கர்களுக்கு அது இல்லாமல் ஆகாது. கடைசியில் பேட்டரி மெழுகுவர்த்தி வாங்கினோம். அது மெழுகுவர்த்தியா விளக்கா என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டோம். மௌன நேரத்தில் ஒரு பெந்தெகொஸ்தே பையன் அடக்க முடியாமல் அல்லேலூயா சொல்லிவிடுவான். கர்த்தருடைய ஜெபத்தைக் கத்தோலிக்கர்கள் ஒரு வரி முன்னாலேயே முடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் தொடர்ந்து சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தோம்.

என் வயதுக்கு மட்டும்தான் வழியில்லை.

அன்று கத்தோலிக்க மண்டபத்து முற்றம். வடாபாவ் வைத்திருந்தவன் கூட்டத்தை நடத்துகிற மராத்திப் பையன். கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். "பையா, புரா மத் மான்னா" என்று ஆரம்பித்தான். அண்ணா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஆரம்பிக்கிறவன் தப்பானதைத்தான் சொல்லப்போகிறான்.

மீதியையும் இந்தியில்தான் சொன்னான். "கமிட்டில பேசினோம். யூத்னா முப்பத்தஞ்சு வரைக்கும்தான். எல்லா சர்ச்லயும் அதான் ரூல். உங்களுக்கு..."

"முப்பத்தாறு."

"ஆங், அதான்."

"போன மாசமும் முப்பத்தாறுதானே? அன்னிக்கு விரிப்பெல்லாம் சுருட்டி வைக்கச் சொன்னே?"

அவன் வடாபாவைப் பார்த்தான். "நீங்க ஆலோசகரா வரலாம் பையா. ஆனா அதுக்கு கப்பிள்ஸைத்தான் போடுறோம்."

"என்னைப் பாதி கப்பிளா போட்டுக்கோ."

சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

யார் சொல்லி இது கிளம்பியது என்று கேட்டேன். அவன் கண் தேநீர்ப் பாத்திரத்துப் பக்கம் போனது. அங்கே தேஹு ரோடு ஆன்ட்டி நின்றிருந்தார். தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூட டீச்சர், கணவருக்கு ராணுவ டெப்போவில் வேலை. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கல்லூரியில் படிக்கும் மகளைக் கூட்டத்துக்கு அழைத்து வருவார், முடியும்வரை காத்திருப்பார், டீ போடுவார். நான் புறம் பேசுகிறவன் இல்லை. நேரே போனேன்.

"ஆன்ட்டி, நான் வரக்கூடாதுன்னு நீங்களா சொன்னது?"

"ஐயோ, வரக்கூடாதுன்னு யாருப்பா சொன்னா? மத்லப், அதாவது, பொண்ணுங்க வர்ற இடம். பாக்கற லோக் எல்லாம் கேக்கறாங்க. யாரு அந்தப் பெரிய ஆளு, எதுக்கு வர்றாருன்னு."

"ஜெபம் பண்ண வர்றாரு."

"எனக்குத் தெரியும் தம்பி. அவங்களுக்குத் தெரியணுமே?"

"நான் யார்ட்டயாவது தப்பா ஒரு வார்த்தை பேசியிருக்கேனா?"

"சே சே! தங்கமான புள்ள நீ. ஒரு கல்யாணம் பண்ணிக்கோயேன். அப்பறம் ஜோடியா வாங்க. யார் வேணாங்கறா?"

தப்பு செய்தேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தங்கமான பிள்ளை என்று சொல்லி வெளியே அனுப்புகிறவரிடம் என்ன சண்டை போடுவது? ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நீங்களும் கேட்காதீர்கள். ஆகவில்லை. அவ்வளவுதான்.

பைக்கில் வீட்டுக்கு வரும்போது வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மாதாவை வணங்குகிறவனும் வணங்காதவனும் ஒரே விரிப்பில் உட்காரலாம். முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவனும் தலையில் தண்ணீர் தெளிக்கப்பட்டவனும் ஒரே பாட்டைப் பாடலாம். இத்தனை நூற்றாண்டுச் சண்டையைப் பேட்டரி மெழுகுவர்த்தி வைத்துத் தீர்த்துவிட்டார்கள். பெண்டாட்டி இல்லாதவனை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் தெரியவில்லை. இயேசுவுக்கும்தான் மனைவி இல்லை என்று ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கலாம். அவர் முப்பத்துமூன்றிலேயே போய்விட்டார், வயது வரம்புக்குள்தான் என்று கமிட்டி சொல்லியிருக்கும்.

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஐக்கியம் என்று ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தேன். பிள்ளைகளின் கோச்சிங் கிளாஸ், அபார்ட்மெண்ட் சொசைட்டிக்கு வரும் தண்ணீர் லாரி, மாமனார் வீட்டு நிலத் தகராறு. ஒருவர், "ஃபேமிலி ஊர்லயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எல்லோரும் ரொம்ப மரியாதையாக என்னை விட்டுவிட்டு வேறு பேசினார்கள்.

வீட்டிலேயே உட்கார்ந்து மௌனமாக இருந்தும் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது. மௌனம் என்பது பலர் சேர்ந்து பேசாமல் இருப்பது. ஒருவன் மட்டும் பேசாமல் இருந்தால் அது மௌனம் இல்லை, வீட்டில் ஆள் இல்லை.

அதனால் அடுத்த கூட்டத்துக்குப் போனேன். தேஹு ரோட்டில், ஆன்ட்டியின் சொந்தச் சபையில். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மராத்திப் பையன் பார்த்தான். போ என்று சொல்லவும் தைரியமில்லை, வாங்க என்று சொல்லவும் மனமில்லை. கிடாரைச் சுருதி சேர்க்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

பாட்டு முடிந்தது. மௌனமும் முடிந்தது. பிறகு விண்ணப்ப ஜெபம். எங்கள் கூட்டத்தில் அதை அவரவர் தாய்மொழியில்தான் செய்ய வேண்டும். மராத்தி, கொங்கணி, மலையாளம், மிசோ என்று யார் எதில் ஜெபித்தாலும், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து, எங்கள் ஜெபத்தைக் கேளும் ஆண்டவரே என்று இந்தியில் ஒரே வரி பாடுவோம். புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எதற்குச் சம்மதித்தோம் என்று யாருக்கும் தெரியாது. நான் வழக்கமாகத் தமிழில் நோயாளிகளுக்காக ஜெபிப்பேன். அன்று வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"ஆண்டவரே, எனக்கு முப்பத்தாறு வயசாவுது. பொண்டாட்டி இல்ல. அது குத்தம்னா நீரே சொல்லும், இவங்க சொல்ல வேண்டாம். மாசத்துல ஒரு நாள் இங்கதான் மனுசங்க பக்கத்துல உக்காருதேன். இதையும் புடுங்கிட்டா நான் எங்க போவேன்? இவங்க மனச மாத்தும். இல்லன்னா என்னைக் கல்லாக்கிப் போடும். ஆமென்."

எல்லோரும் பாடினார்கள். என்னைப் போகச் சொன்ன மராத்திப் பையன் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினான்.

விரிப்பில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஒரு தலை மட்டும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆன்ட்டியின் மகள். அவள் பாடவில்லை.

வெளியே செருப்புத் தேடும்போது வந்தாள். அவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"அண்ணா, நீங்க ப்ரே பண்ணது எனக்குப் புரிஞ்சிச்சி."

"சரிம்மா."

"மம்மிகிட்ட சொல்ல மாட்டேன்."

"சொன்னாலும் எனக்கொண்ணும் இல்ல."

"நஹி அண்ணா, அது இல்ல. மம்மி கிச்சன்லருந்து உங்களப் பாத்துட்டாங்க. அவரு வந்தா உன்ன அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாங்க. பப்பாவும் அதே." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். "காலேஜ், வீடு. காலேஜ், வீடு. எனக்கும் இது ஒண்ணுதான் இருக்கு. ப்ளீஸ் அண்ணா."

மராத்திப் பையனுக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆன்ட்டிக்கு இருந்தது. கமிட்டிக்கு ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தேன். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. சற்றுமுன் நான் ஆண்டவரிடம் கேட்டதையே அவள் என்னிடம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"சரி, வரல" என்றேன்.

"ஸாரி அண்ணா."

"நீ எதுக்கு ஸாரி சொல்லுத? உள்ள போ. அம்மா தேடுவாங்க."

ஓடினாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. பெரிய மனது பண்ணிவிட்டேன் என்று யாரும் தயவுசெய்து பாராட்ட வேண்டாம். கோபம் அப்படியேதான் இருக்கிறது. வயதுக்கு வந்த ஒரு பெண்ணைக் காவல் காக்க ஒரு தாய்க்குத் தெரிந்த வழி, எந்தத் தப்பும் செய்யாத ஒருவனை வெளியே தள்ளுவது. அதற்கு எல்லாச் சபையும் ஒற்றுமையாகத் தலையாட்டியது. ஒரே இடத்தை இரண்டு பேர் கேட்டோம், அவளுக்குக் கிடைத்தது. கொடுத்தவன் நான். இதில் ஆண்டவரை இழுக்க மாட்டேன்.

வாட்ஸாப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மாதாமாதம் இடமும் நேரமும் வருகிறது. அந்த மாலைகளில் வாஷிங் மெஷினைப் போட்டுவிடுகிறேன், துணி கொஞ்சமாக இருந்தாலும். கூட்டம் முடிகிற நேரம்வரை அது சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்.