சீட்டுக் கட்டைக் கலைத்த கை

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நடந்த சீட்டுப் போட்டிக்குப் பேத்தி மீராவோடு போயிருந்தேன். காசு வைத்து ஆடும் சீட்டில்லை. டிராகன், பூதமெல்லாம் வரைந்த அட்டைகள். எனக்குப் படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பேர் வைத்திருக்கிறேன். புதிதாக வந்த, சிறகெல்லாம் தீயாக எரியும் நெருப்புக் கோழி அட்டையை நம்பித்தான் மீரா ரகசியமாகத் தன் கட்டைச் சேர்த்திருந்தாள்.

எதிரே ஒரு தாடிக்காரத் தம்பி. அவர் முழியே எனக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்ததும் மீராவின் கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார்.

"ஏய், வையி கீழ!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அட்டைகள் சிதறின. நெருப்புக் கோழி எல்லாரும் பார்க்க மல்லாந்து கிடந்தது.

"ஐயோ பாட்டி! எதிர்ல ஆடுறவர் கலைச்சுக் குடுக்கணும், அதான் ரூல் லா!" மீராவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவர் வந்து, வெளியாள் கை வைத்ததால் அவள் தோற்றதாக எழுதவேண்டும் என்றார்.

"வேணாம் சார், ஆடுவோம்" என்ற அந்தத் தம்பி தன் கட்டு முழுவதையும் மீரா முன் விரித்துவைத்தார். "உங்க கார்டை நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்துக்குங்க."

நடுவர் சரி என்றார். நான் விடுவேனா? "சட்டைக்குள்ள எதுவும் ஒளிச்சு வைக்கலையே?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மணிக்கட்டில் என் நகம் கீறிய சிவப்புக் கோடு.

மீரா ஜெயித்தாள். அவள் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறாள். நான் அந்தக் கோட்டைப் பற்றி இன்றுதான் வாய் திறக்கிறேன்.