ஜெர்மனி அக்கா வந்த வருஷம்

பி.டி. டீச்சர் வேலையில் பாதி, நம் பீரியடைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்ளும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது. கழுத்தில் விசில் மாட்டிய எல்லோருக்கும் இது தெரியும். மிச்சப் பாதி பொறாமை. அதை யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

முட்டி

ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஹெல்கா என்ற ஜெர்மனிக்காரி, எங்கள் பள்ளிப் பெண்கள் பந்து உதைப்பதை ரோட்டிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். காலையில் சொல்லிக்கொடுக்கட்டுமா என்று கேட்டாள். ஹெச்.எம். காபி கொடுத்துச் சம்மதித்தார். பதினாறு வயதில் பெரிய கிளப், இருபதில் நாட்டு ஜெர்சி, பத்து வருஷம் நடுக்களத்தில் ஆட்டம், முட்டியில் இரண்டு ஆபரேஷன், ஓய்வு. இது அவள் கதை. என் கதை, யுனிவர்சிட்டி டீமில் இரண்டு வருஷம், அப்புறம் கல்யாணப் பத்திரிகை.

அவள் முட்டித் தழும்பைப் பார்த்துக்கூட எனக்கு வயிறு எரிந்தது. ஸ்டாஃப் ரூமில் வாய்விட்டுச் சொல்லியும் தொலைத்தேன். கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தபடி கேட்டார்: "உங்களுக்குந்தான் முட்டி வலி ஜாஸ்தியா இருக்கே மல்லிகா, நீங்க எந்த நாட்டுக்கு ஆடினீங்க?"

சென்டர் ஹாஃப்

நீ எங்கே ஆடினாய் என்று ஹெல்கா கேட்டாள். "சென்டர் ஹாஃப்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. எங்கள் ஊர் கிரவுண்டில் நடுவில் நின்று ஆட்டத்தையே நடத்துபவளுக்கு அதுதான் பெயர். அவள் ஊரில் அது கோலுக்கு முன்னால் காவல் நிற்பவளாம். மறுநாள் பயிற்சி ஆட்டத்தில் என்னைக் கோல் கீப்பர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, நடுவில் அவள் போய் நின்றுகொண்டாள்.

கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் வராது. நிறுத்திய இடத்திலேயே நின்று ஆடினேன். கோல் காத்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், நீங்க பின்னால நின்னு தடுக்கற பேக்கியா? இத்தினி நாளா நடுவுல ஆடினேன்னு சொன்னீங்க?"

மிஸ்

மூன்றாம் நாளே ஹெல்கா பெண்களுக்கு "அக்கா" ஆகிவிட்டாள். எட்டு வருஷமாக நான் மிஸ். கேப்டன் கலைச்செல்வி, கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், அவளும் அக்கா அக்கா என்று ஹெல்கா பின்னாலேயே ஓடினாள். ஒருநாள் தாங்காமல் கலையிடம் கேட்டே விட்டேன், என்னை ஏன் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று. கலை யோசிக்காமல் சொன்னாள்: "உங்கள அக்கான்னா திட்டுவீங்களே மிஸ்!"

திரும்பிப் பார்

பந்தை விட்டுக் கண்ணை எடுக்காதே என்பது என் பாடம். பந்து வருவதற்கு முன்னால் தோளைத் திருப்பிப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார் என்பது ஹெல்காவின் பாடம். வேங்கிக்காலில் தேர்வு ஆட்டம். தேர்வானால் கலைக்கு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம், ப்ளஸ் டூ வரை படிப்பு. முதல் பாதியில் அவள் என்னைப் பார்த்தாள், ஹெல்காவைப் பார்த்தாள், பந்தை நாலு தடவை பறிகொடுத்தாள்.

இடைவேளையில் என்னிடம்தான் ஓடிவந்தாள். "மிஸ், யார் சொல்றத கேக்கறது?" அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் ஹெல்கா சொன்னதுதான் சரி என்று எனக்கு முதல் வாரமே தெரியும். நானும் நடுவில் ஆடியவள்தானே. "அக்கா சொன்னத செய்" என்றேன். இரண்டாம் பாதி முழுக்க அவள் காலில்தான் பந்து. பட்டியலில் முதல் பெயர் அவளுடையது.

தேர்வாளர் கூப்பிட்டு, "யாரும்மா உன் கோச்?" என்றார். "ஜெர்மனி அக்கா சார்" என்றாள், கண்ணிமைக்காமல். அவர் என்னைக் காட்டி, "அப்ப இவங்க?" என்றார். கலை சொன்னாள்: "இவங்க எங்க மிஸ். மூணு தடவ எங்க ஊட்டுக்கு வந்து எங்கப்பாகிட்ட சண்ட போட்டாங்க சார், இல்லன்னா இந்நேரம் எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்."

ஹெல்கா உலகம் பூராவும் ஆடி ஜெயித்தவளாக இருக்கட்டும், கீழ்பென்னாத்தூரில் ஒரே ஒரு அப்பாவைப் பேசி ஜெயிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.